சாதனம் கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லை: கெர்னல் என்ன செய்கிறது, எங்கே திணறுகிறது

ஒரு நிரல் 1 ஜிபி நினைவகம் கேட்கிறது. லினக்ஸ் கெர்னல் முகவரியை உடனே கொடுத்துவிடும். ஆனால் அந்த முகவரிகளுக்குப் பின்னால் உண்மையான பக்கம் (நினைவகத்தைக் கெர்னல் பிரித்துக் கையாளும் சிறு துண்டு) ஒன்றுகூட அந்நேரம் இருக்காது. நிரல் முதன்முறை ஒரு பைட்டைத் தொடும்போதுதான் சிபியு நிற்கும். எக்ஸ்86 செயலியில் அது 14ஆம் எண் எக்ஸெப்ஷன். தொட்ட முகவரி சிஆர்2 ரெஜிஸ்டரில் இருக்கும். கெர்னல் 4 கேபி பக்கம் ஒன்றை எடுத்து, பூஜ்யத்தால் நிரப்பி, பக்க அட்டவணையில் எழுதிவிட்டுத் திரும்பும். நின்ற இன்ஸ்ட்ரக்ஷன் மறுபடி ஓடும். இப்படி ஒரு பேஜ் ஃபால்ட் நடந்ததே நிரலுக்குத் தெரியாது.

அதே முகவரியை ஒரு ஜிபியுவோ, நெட்வொர்க் கார்டோ, தரவை நகலெடுத்துத் தரும் ஆக்சிலரேட்டரோ தொட்டால் நிலைமை வேறு. கெர்னல் நிறுத்தி வைப்பதற்கு அங்கே த்ரெட் (சிபியுவில் ஓடும் நிரல் ஓட்டம்) இல்லை. சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் சாதனம் அனுப்பும் எழுத்து (நினைவகத்தில் தரவை எழுதும் பரிமாற்றம்), தபால்பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி. போட்டவர் பதிலுக்கு நிற்பதில்லை. “இப்போது முடியாது, கொஞ்சம் பொறுத்து வா” என்று சொல்லித் திருப்பியனுப்ப அந்தப் பாதையில் வழி கிடையாது. முகவரிக்குப் பக்கம் இல்லையென்றால், சாதனம் தரும் முகவரிகளை மொழிபெயர்க்கும் வன்பொருளான ஐஓஎம்எம்யூ அந்த எழுத்தைக் கைவிட்டுவிட்டு, கெர்னல் லாகில் ஒரு வரி மட்டும் விட்டுச்செல்லும். தரவு போனது போனதுதான்.

இந்தப் பிரச்சினையில் பக்கத்தைத் தேடிக் கொடுப்பது சுலபமான பாதி. சிபியு ஃபால்ட்டுக்கு ஓடும் அதே கெர்னல் செயற்கூறுதான் இங்கும் ஓடுகிறது. கேட்டது யார், எந்த ப்ராசஸுக்காக (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்காக) கேட்டார், அந்த ப்ராசஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா, கேட்ட ஒவ்வொருவருக்கும் தவறாமல் ஒரே ஒரு பதில் போய்ச் சேர்ந்ததா என்ற கணக்குதான் கடினமான பாதி. இந்தத் துறையில் வந்த பல கோளாறுகள் இந்தக் கணக்கு பிசகியதால் வந்தவை.

பூட்டி வைத்த காலம்

நீண்ட காலம் இதற்கு ஒரே விடைதான் இருந்தது: சாதனம் தொடப்போகும் பக்கங்களையெல்லாம் முன்கூட்டியே நினைவகத்தில் கொண்டுவந்து, வேலை முடியும்வரை நகரவிடாமல் பூட்டி வைப்பது. இன்றும் பெரும்பாலான டிரைவர்கள் இதைத்தான் செய்கின்றன. அது தப்பில்லை, ஃபால்ட்டே வராத பாதையைவிட வேகமான பாதை கிடையாது.

விலை வேறிடத்தில் இருக்கிறது. பூட்டிய பக்கத்தை டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்கு அனுப்ப முடியாது. வேறு நூமா நோடுக்கு (இன்னொரு சிபியுவுக்கு அருகில் உள்ள நினைவகத்துக்கு) நகர்த்த முடியாது. சிதறிக் கிடக்கும் நினைவகத்தை ஒழுங்குபடுத்தும்போது அதைத் தொட முடியாது. 100 ஜிபி தரவில் எந்த 2 ஜிபியைச் சாதனம் தொடும் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் 100 ஜிபியையும் பூட்டியாக வேண்டும். லிங்க்டு லிஸ்ட், மரம், கிராஃப் போன்றவற்றில் ஒரு சுட்டியைப் பின்தொடர்ந்து அடுத்த சுட்டிக்குப் போகும் நிரலுக்கு இது ஒத்தே வராது.

சாதனத்துக்காக கெர்னல் ஃபால்ட்டைத் தீர்த்துவைப்பது புது யோசனை அல்ல. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இன் செல் செயலியில் இருந்த துணைக் கருக்களுக்காக பவர்பிசி கெர்னலில் இப்படி ஒரு குறியீடு இருந்தது. 2014இல் ஐபிஎம்மின் கேப்பி ஆக்சிலரேட்டர்களுக்கு ஆதரவு சேர்த்தபோது அதையே பொதுவாக்கி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்த லினக்ஸ் 3.19, மெல்லனாக்ஸ் நெட்வொர்க் கார்டுகளுக்கு ஆன்-டிமாண்ட் பேஜிங் (தேவைப்படும்போது மட்டும் பக்கத்தை வரவழைப்பது) கொண்டுவந்தது. அவை பயன்படுத்தும், இன்னொரு கணினியின் நினைவகத்தை நெட்வொர்க் வழியாக நேராக அணுகும் ஆர்டிஎம்ஏ நெறிமுறையில் ஏற்கெனவே ஒரு வசதி உண்டு: பெறும் பக்கம் தயாராக இல்லையென்றால் “ரிசீவர் நாட் ரெடி” என்று சொல்லலாம், அனுப்பியவர் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்புவார். பேஜ் ஃபால்ட் வந்த நேரத்தைக் கடத்த அந்த வசதி அப்படியே கைகொடுத்தது. பிசிஐஇயில் அப்படி எதுவும் இல்லை. அதற்குத் தனியாக ஒரு பேச்சுமொழியை உருவாக்க வேண்டியிருந்தது.

கேட்பதும் பதிலளிப்பதும்

அந்தப் பேச்சுமொழியில் மூன்று பகுதிகள். முதலாவது பாஸிட் என்ற 20 பிட் எண். சாதனம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் இந்த எண் ஒட்டியிருக்கும். இது எந்த ப்ராசஸின் முகவரி வெளி என்பதை ஐஓஎம்எம்யூ இதை வைத்து அறிந்து, அந்த ப்ராசஸின் பக்க அட்டவணையையே நேராகப் படிக்கும். சிபியுவும் சாதனமும் ஒரே அட்டவணையைப் பார்ப்பதால் நிரலில் உள்ள சுட்டியை அப்படியே சாதனத்திடம் கொடுக்கலாம். இரண்டாவது ஏடிஎஸ்: எழுதுவதற்கு முன் “இந்த முகவரி எங்கே இருக்கிறது?” என்று சாதனம் விசாரித்து, விடையைத் தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். மூன்றாவது பிஆர்ஐ: விசாரணைக்கு “அனுமதி இல்லை” என்று விடை வந்தால் “அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து வை” என்று சாதனம் கெர்னலைக் கேட்பது.

எழுதிவிட்டுத் தவிப்பதற்குப் பதில், விசாரித்துவிட்டு எழுதுகிறது. திருப்பியனுப்ப முடியாத பாதையில் இதுதான் ஒரே பத்திரமான ஏற்பாடு.

ஒரு பக்கத்தைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். சாதனம் விசாரிக்கிறது; பக்கம் இல்லை. உடனே பக்கக் கோரிக்கை அனுப்புகிறது. அதில் முகவரி, பாஸிட், படிக்கவா எழுதவா என்ற குறிப்பு, 9 பிட் குழு எண், “இந்தக் குழுவில் இதுதான் கடைசி” என்ற ஒரு பிட். ஒரு குழுவில் பல பக்கங்களைக் கேட்கலாம்; பதில் குழுவுக்கு ஒன்றுதான். ஐஓஎம்எம்யூ இதை நினைவகத்தில் உள்ள ஒரு வட்ட வரிசையில் எழுதி இன்டரப்ட் கொடுக்கிறது. லினக்ஸின் இன்டெல் டிரைவரில் அந்த வரிசை 64 கேபி, ஒரு கோரிக்கை 32 பைட், ஆக மொத்தம் 2,048 இடங்கள்.

இன்டரப்ட் த்ரெட் முதலில் செல்லாத கோரிக்கைகளை வடிகட்டும். சிறப்புரிமை நிலையில் கேட்பவை, இயக்க அனுமதி கேட்பவை இரண்டையும் இன்டெல் டிரைவர் அங்கேயே மறுத்துவிடுகிறது. மற்றவற்றில் “கடைசி” பிட் இல்லாதவை அந்தச் சாதனத்தின் பட்டியலில் காத்திருக்கும். கடைசிக் கோரிக்கை வந்ததும் அதே குழு எண் கொண்டவற்றையெல்லாம் திரட்டி ஒரு வொர்க்கியூவுக்கு (பின்னணிக் கெர்னல் த்ரெட்களான வொர்க்கர்கள் எடுத்துச் செய்யும் வேலை வரிசைக்கு) அனுப்புவார்கள். இன்டரப்ட் பாதையிலேயே தீர்க்க முடியாது. பக்கம் டிஸ்கிலிருந்து வரவேண்டியிருந்தால் தூங்க வேண்டிவரும்.

வொர்க்கர் செய்வது சிபியு ஃபால்ட்டின் நகல் போலவே இருக்கும். ப்ராசஸின் முகவரி வெளி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து அதைப் பிடித்துக்கொள்ளும். முகவரி வெளியின் அமைப்பைக் காக்கும் எம்மேப் பூட்டைப் படிப்போருக்கான முறையில் எடுக்கும். முகவரி எந்தப் பகுதியில் விழுகிறது என்று தேடும். கேட்ட அனுமதி அந்தப் பகுதிக்கு உண்டா என்று சரிபார்க்கும். பிறகு கெர்னலின் வழக்கமான ஃபால்ட் செயற்கூறை அழைக்கும். ஒரு குழுவில் ஒரு பக்கம் தோற்றால் மீதிப் பக்கங்களைத் தொடுவதில்லை. பதில் குழுவுக்கு ஒன்றுதான் என்பதால் பாதி வெற்றியைச் சொல்ல வழியில்லை.

பதில் மூன்று வகை. “வெற்றி” என்றால் சாதனம் மறுபடி விசாரிக்கும். இந்த முறை முகவரி கிடைக்கும். “செல்லாத கோரிக்கை” என்றால் இந்த முகவரியை இனிக் கேட்காதே என்று பொருள். மூன்றாவது “பதில் தோல்வி”, இது கடுமையானது. அது வந்த சாதனம் பக்கக் கோரிக்கை வசதியையே மூடிக்கொள்ளும். கெர்னல் மறுபடி இயக்கிவிடும்வரை திறக்காது. ஒரே ஒரு தவறான முகவரிக்காக இதைத் திருப்பியனுப்பும் டிரைவர், அந்தச் சாதனத்தைப் பகிரும் எல்லா ப்ராசஸையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது.

பதிலே போகாமல் விட்டால் அதைவிட மோசம். சாதனத்தில் அந்த வேலையை ஓட்டும் எஞ்சின் காத்துக்கொண்டே இருக்கும். எத்தனை கோரிக்கைகள் நிலுவையில் இருக்கலாம் என்ற சாதனத்தின் ஒதுக்கீட்டில் ஓர் இடம் நிரந்தரமாகப் போய்விடும். கெர்னல் இதை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறது என்பதற்கு ஒரு சின்ன இடத்தைக் காட்டலாம். குழுவை நினைவில் வைக்க ஒரு கட்டமைப்புக்கு இடம் ஒதுக்க வேண்டும். நினைவகமே தீர்ந்துபோய் அந்த ஒதுக்கீடு தோற்றால்? பதில் அனுப்பவே அந்தக் கட்டமைப்பு வேண்டுமே. அதற்காக அழைக்கும் செயற்கூறின் ஸ்டாக்கில் ஏற்கெனவே ஒரு குழுக் கட்டமைப்பை வைத்திருக்கிறார்கள். ஒதுக்கீடு தோற்றால் அதை நிரப்பி, அதைக் கொண்டே மறுப்பை அனுப்புவார்கள். உதவ முடியாத நேரத்திலும் “உதவ முடியாது” என்ற பதில் போயே ஆக வேண்டும்.

இந்தப் பொதுக் கையாளி லினக்ஸ் 5.13இல், 2021இல் சேர்ந்தது. 2024இல் வந்த 6.9இல் ஃபால்ட்டை விநியோகிக்கும் பகுதி திருத்தி எழுதப்பட்டது. அதே ஆண்டின் 6.11இல், ஃபால்ட்டைக் கெர்னல் தீர்க்காமல் ஐஓஎம்எம்யூஎஃப்டி என்ற இடைமுகம் வழியாகப் பயனர் நிரலிடம் ஒப்படைக்கும் வழியும் வந்தது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் கெர்னல் தன் சாதனத்தின் ஃபால்ட்டைத் தானே தீர்க்க அது தேவை.

வரிசை நிரம்பினால்

ஒவ்வொரு சாதனமும் எத்தனை கோரிக்கைகளை நிலுவையில் வைக்கலாம் என்று கெர்னல் ஒரு எண்ணை எழுதிக்கொடுக்கிறது. ஆனால் ஒரே ஐஓஎம்எம்யூவின் கீழ் பல சாதனங்கள் இருந்தால் அந்த எண்களின் கூட்டுத்தொகை வரிசையின் நீளத்தைத் தாண்டலாம். அப்போது வரிசை நிரம்பி வழியும்.

வழிந்ததில் எது தொலைந்தது என்று தெரியாது என்பதுதான் சிக்கல். ஒரு குழுவின் “கடைசி” கோரிக்கை தொலைந்திருந்தால், முன்பு வந்து பட்டியலில் காத்திருப்பவை என்றைக்கும் முழுமையடையாது. பின்னால் அதே குழு எண்ணில் புதுக் குழு வந்தால் பழையவை அதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் இன்டெல் டிரைவர் வரிசையை முழுக்கக் காலி செய்தபின், அரைகுறையாகக் காத்திருக்கும் கோரிக்கைகள் அனைத்தையும் தூக்கியெறிந்துவிட்டுத்தான் வழிதல் பிட்டை அழிக்கிறது. ஆர்ம் செயலிகளின் ஐஓஎம்எம்யூவான எஸ்எம்எம்யூவின் 3ஆம் பதிப்பில், இடமில்லாமல் விடப்பட்ட “கடைசி” கோரிக்கைக்கு வன்பொருளே “வெற்றி” என்று பதில் சொல்லிவிடும். பொய்யான வெற்றிதான். சாதனம் மறுபடி விசாரிக்கும், பக்கம் இருக்காது, மறுபடி கேட்கும். அதற்குள் வரிசையில் இடம் வந்திருக்கும். அதனால்தான் சாதன வடிவமைப்பாளர் “வெற்றி” என்ற பதிலை மட்டும் நம்பி எழுதிவிடக் கூடாது, ஏடிஎஸ் வழியாக மறுபடி விசாரித்தே ஆக வேண்டும்.

ஆர்மில் இன்னொரு வழியும் உண்டு: ஸ்டால். இங்கே சாதனம் எதையும் விசாரிப்பதில்லை. எஸ்எம்எம்யூவே அந்தப் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்து, கெர்னலிடம் சொல்லி, “தொடர்” என்ற கட்டளை வந்ததும் விட்டுவிடும். எளிமையானது, ஆனால் சில்லுக்குள்ளேயே இருக்கும் சாதனங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். பிசிஐஇயில் ஓர் எழுத்தைத் தடுத்து நிறுத்தினால் அதன் பின்னால் வருபவையும் வரிசை விதிப்படி நிற்க வேண்டும். அந்த ஃபால்ட்டைத் தீர்க்கத் தேவையான பரிமாற்றமே அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டால் எல்லாம் உறைந்துவிடும்.

காத்திருப்பதா, பாதியில் விடுவதா

இன்டெல் 2023 ஜனவரியில் வெளியிட்ட 4ஆம் தலைமுறை சியான் செயலியில் டிஎஸ்ஏ என்ற நகலெடுப்பு ஆக்சிலரேட்டர் உள்ளது. ஃபால்ட்டை மென்பொருளே கையாளும் முறையை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

நிரல் 64 பைட் வேலைக்குறிப்பு ஒன்றை அனுப்பும். முடிந்ததும் சாதனம் 32 பைட் முடிவுக்குறிப்பு ஒன்றை நினைவகத்தில் எழுதும். வேலைக்குறிப்பில் “ஃபால்ட் வந்தால் காத்திரு” என்ற பிட் இருக்கிறது. அதைப் போட்டால் எஞ்சின் பிஆர்ஐ வழியாகக் கேட்டுவிட்டுப் பக்கம் வரும்வரை நிற்கும். போடாவிட்டால் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, முடிவுக்குறிப்பில் நிலை எண் 3 என்று எழுதி, எத்தனை பைட் முடிந்தது, எந்த முகவரியில் தடுக்கியது என்ற இரண்டையும் கொடுத்துவிடும். நிலை பைட்டின் உச்ச பிட், தடுக்கியது படிக்கும்போதா எழுதும்போதா என்று சொல்லும். நிரல் அந்த முகவரியைத் தானே ஒருமுறை தொட்டுவிட்டு, சிபியு ஃபால்ட் வழியாகப் பக்கத்தை வரவழைத்து, மீதிக்குப் புது வேலைக்குறிப்பு அனுப்ப வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. எழுதும்போது தடுக்கிய முகவரியை நிரல் வெறுமனே படித்துப் பார்ப்பது ஒன்று. இதுவரை தொடாத பக்கத்தைப் படித்தால் கெர்னல் எல்லோரும் பகிரும் பூஜ்யப் பக்கத்தைப் படிக்க மட்டும் இணைத்துவிடும். சாதனம் எழுத வரும்போது மறுபடி தடுக்கும். எழுதும் தடுக்கலுக்கு எழுதித்தான் தொட வேண்டும். இரண்டாவது பிழை நுணுக்கமானது. மூலமும் இலக்கும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சாதனம் பின்னாலிருந்து முன்னால் நகலெடுக்கலாம். அப்போது “முடிந்த பைட்” என்பது கடைசிப் பகுதியைக் குறிக்கும். எந்தத் திசை என்பதை முடிவுக்குறிப்பின் விளைவுப் புலம் சொல்கிறது. அதைப் பார்க்காமல் முன்பகுதி முடிந்ததாக எண்ணித் தொடர்ந்தால் தரவு சத்தமில்லாமல் கெடும்.

முடிவுக்குறிப்பை எழுத வேண்டிய பக்கமே இல்லாமல் போனால்? டிஎஸ்ஏவின் அடுத்த பதிப்பில் அதற்கு ஒரு நிகழ்வுப் பதிவேடு வந்தது. சாதனம் முடிவை அங்கே எழுத, கெர்னல் அதை எடுத்துப் பயனரின் முகவரியில் நகலெடுத்து வைக்கும்.

பலர் பகிரும் சாதனத்தில் காத்திருக்கும் பிட்டைப் போடாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஒருவரின் பக்கம் டிஸ்கிலிருந்து வரும்வரை எஞ்சின் நின்றால், பின்னால் நிற்கும் மற்றவர்களின் வேலையும் நிற்கிறது. தன் வேலைக்கு மட்டும் சாதனத்தை வைத்திருப்பவர் தாராளமாகக் காத்திருக்கலாம்.

ஜிபியு: ஆயிரக்கணக்கில் ஃபால்ட்

மேலே சொன்ன கணக்கெல்லாம் ஓரளவு சிறிய எண்களுக்கு. என்விடியா 2016இல் வெளியிட்ட பாஸ்கல் வரிசையின் பி100இல் 56 கணிப்புக் கூறுகள், ஒவ்வொன்றிலும் 2,048 த்ரெட்கள், ஆக ஒரே நேரத்தில் 1,14,688 த்ரெட்கள் உயிரோடு இருக்கலாம். புதிய அணி ஒன்றை அவை தொடத் தொடங்கினால் ஃபால்ட்கள் மழைபோல் கொட்டும். அவற்றில் பல ஒரே பக்கத்தைப் பற்றியவை.

அதனால் டிரைவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. சிபியுவும் ஜிபியுவும் ஒரே முகவரிகளைப் பகிர உதவும் என்விடியாவின் யூவிஎம் டிரைவர் இயல்பாக 256 ஃபால்ட்களை ஒரு தொகுதியாக எடுக்கிறது. முகவரி வாரியாக அடுக்கி, இரட்டிப்புகளை ஒன்றாக்கி, 2 எம்பி தொகுப்புகளாகப் பிரித்துத் தீர்க்கிறது. பக்கத்துப் பக்கங்களும் கேட்கப்படும் போலத் தெரிந்தால் அவற்றையும் சேர்த்தே நகர்த்திவிடும். பிறகு “மறுபடி ஓட்டு” என்ற ஒரு கட்டளை. தீராதவை மறுபடி தடுக்கி மறுபடி வரிசைக்கு வரும். எது யாருடையது என்று தனித்தனியே பதில் அனுப்பும் சுமை இங்கே இல்லை. அதற்கு ஈடாக ஒரே ஃபால்ட் பலமுறை வருவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஏஎம்டியில் இதே வசதிக்கு எக்ஸ்நாக் என்று பெயர். எம்ஐ200 வரிசையில் எச்எஸ்ஏ எக்ஸ்நாக் என்ற சூழல் மாறியை 1 என வைத்து, நிரலையும் அதற்கேற்பக் கம்பைல் செய்ய வேண்டும். எக்ஸ்நாக் இல்லாத நிலையில் டிரைவர் வேறு வழியைப் பிடிக்கிறது: பக்கம் நகரும்போது பயனரின் வேலை வரிசைகளையே ஜிபியுவிலிருந்து இறக்கிவைத்து, புது முகவரிகளை எழுதிவிட்டு மறுபடி ஏற்றும்.

ஜிபியுவுக்குச் சொந்தப் பக்க அட்டவணை உண்டு. சிபியுவின் அட்டவணையோடு அது ஒத்துப்போக வேண்டும். இதற்காகத்தான் 2017இல் லினக்ஸ் 4.14இல் எச்எம்எம் என்ற கெர்னல் பகுதி வந்தது. அதன் நடுநாயகமான சுற்று இப்படி ஓடும். டிரைவர் முதலில் ஒரு தொடர் எண்ணைக் குறித்துக்கொள்ளும். பிறகு எம்மேப் பூட்டுடன் சிபியு அட்டவணையிலிருந்து பக்கங்களைப் படிக்கும். இல்லாதவற்றை ஃபால்ட் செய்து வரவழைக்கும். அதன்பின் தன் சொந்தப் பூட்டை எடுத்துக்கொண்டு, குறித்த எண் மாறிவிட்டதா என்று பார்க்கும். மாறியிருந்தால் இடையில் யாரோ பக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பொருள். எல்லாவற்றையும் விட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாறாவிட்டால் மட்டும் ஜிபியு அட்டவணையில் எழுதலாம். எண்ணைச் சரிபார்ப்பதும் எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்காவிட்டால், விடுவிக்கப்பட்டு வேறொருவரிடம் போய்விட்ட பக்கத்தில் ஜிபியு எழுதும். சோதனையில் எளிதில் சிக்காத, வாடிக்கையாளரிடம் போய் வெடிக்கும் வகைப் பிழை அது.

ஃபென்ஸ் என்ற முட்டுக்கட்டை

டிரைவர் எழுதுபவர்கள் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

கிராபிக்ஸ் வேலை முடிந்ததை அறிவிக்க லினக்ஸில் டிஎம்ஏ ஃபென்ஸ் என்ற அடையாளம் இருக்கிறது. நினைவகம் குறையும்போது பக்கங்களை மீட்கும் கெர்னல் பாதை ஒரு ஃபென்ஸுக்காகக் காத்திருக்கலாம். அதனால் கெர்னலின் விதி கறாரானது: ஃபென்ஸை முடித்துவைக்கும் பாதையில் எங்கும் புது நினைவகத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் பேஜ் ஃபால்ட்டைத் தீர்ப்பது என்றாலே புதுப் பக்கம் ஒதுக்குவதுதான். ஃபென்ஸ் ஃபால்ட்டுக்குக் காத்திருக்க, ஃபால்ட் நினைவகத்துக்குக் காத்திருக்க, நினைவகம் ஃபென்ஸுக்குக் காத்திருக்க, வட்டம் மூடிவிடுகிறது.

ஆக, ஃபால்ட் வரக்கூடிய வேலைக்கு டிஎம்ஏ ஃபென்ஸை முடிவு அடையாளமாகக் கொடுக்கக் கூடாது. அதோடு தீராது. ஃபால்ட்டில் நிற்கும் ஒரு கணிப்பு வேலை கணிப்புக் கூறுகளைப் பிடித்துக்கொண்டிருக்க, அதே கூறுகளுக்காக ஃபென்ஸ் கொண்ட ஒரு திரை வரைவு வேலை காத்திருந்தாலும் அதே வட்டம்தான். ஃபால்ட் நிலுவையில் இருக்கும்போதே அந்த வேலையை இறக்கிவைக்க வன்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் ஃபென்ஸ் வேலைகளுக்கென்று வன்பொருளில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டும் இயலாவிட்டால் இருவகை வேலைகளும் ஒரே நேரத்தில் ஓடாதபடி முழுவதும் காலி செய்துவிட்டு மாற்ற வேண்டும்.

ப்ராசஸ் இறக்கும்போது

ப்ராசஸ் முடிந்தபின்னும் சாதனம் அதன் பெயரில் கேட்டுக்கொண்டிருக்கலாம். பாஸிட் எண்ணை உடனே இன்னொரு ப்ராசஸுக்குக் கொடுத்துவிட்டால் பழைய கோரிக்கைகள் புதியவரின் நினைவகத்தில் போய் விழும். எனவே எண்ணை விடுவிக்கும்முன் வரிசையில் நிற்கும் கோரிக்கைகளைத் தீர்த்து, சாதனத்தின் சேமிப்பை அழித்து, வழியில் இருப்பவையும் வந்துசேர்ந்துவிட்டதை வன்பொருள் கட்டளையால் உறுதிசெய்ய வேண்டும். சேமிப்பை அழித்துவிட்டேன் என்று சொல்ல பிசிஐஇ விதிகள் சாதனத்துக்கு 1 நிமிடத்துக்கும் மேல் தருகின்றன. அவ்வளவு நேரம் கெர்னலின் ஒரு சிபியு காத்திருக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

பாஸிட் எண்ணின் ஆயுட்காலத்தைச் சரியாகப் பிடிக்க முடியாமல், அதை நம்பியிருந்த, சாதனத்துக்கு வேலை அனுப்பும் என்க்யூசிஎம்டி இன்ஸ்ட்ரக்ஷனை 2021இல் கெர்னலில் முடக்கியே வைத்தார்கள். 2022இன் 5.18இல் எளிய விதியோடு திரும்பியது: ஒருமுறை கொடுத்த எண், முகவரி வெளி அழியும்வரை மாறாது.

இன்னொரு பொறி, வொர்க்கர் முகவரி வெளியைப் பிடித்திருப்பதில் உள்ளது. ஃபால்ட்டைத் தீர்க்கும் நடுவில் ப்ராசஸ் செத்துவிட்டால் கடைசிப் பிடி வொர்க்கரிடம் இருக்கும். அதை விட்டவுடன் முழு முகவரி வெளியையும் கலைக்கும் வேலை அந்த வொர்க்கரிலேயே ஓடும். கலைக்கும் பாதை “ஃபால்ட் வரிசை தீரட்டும்” என்று காத்திருந்தால் அது தனக்காகவே காத்திருக்கிறது.

2025இல் சரிசெய்யப்பட்ட ஒரு கோளாறு இதைவிட ஆழமானது. எக்ஸ்86இல் ப்ராசஸின் பக்க அட்டவணையிலேயே கெர்னலின் முகவரிகளும் இருக்கின்றன. சாதனம் அந்த முகவரிகளைத் தொட அனுமதி இல்லைதான். ஆனால் ஐஓஎம்எம்யூ முதலில் அட்டவணையில் நடந்துபோய், அப்புறம்தான் அனுமதியைப் பார்க்கிறது. நடந்த வழியின் இடைநிலைப் பதிவுகளைச் சேமித்தும் வைக்கிறது. கெர்னல் தன் அட்டவணைப் பக்கம் ஒன்றை விடுவித்தபோது சிபியுக்களின் சேமிப்பை மட்டும் அழித்தது, ஐஓஎம்எம்யூவிடம் சொல்லவில்லை. விடுவித்த பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டபின்னும் ஐஓஎம்எம்யூ அதை அட்டவணையாகவே படித்துக்கொண்டிருக்கலாம். “தொட்டேன்” என்ற பிட்டை அதில் எழுதவும் செய்யலாம். தீர்வாக, கெர்னல் அட்டவணைப் பக்கங்களை உடனே விடுவிக்காமல் ஒரு வரிசையில் வைத்து, ஐஓஎம்எம்யூ சேமிப்பை அழித்தபிறகே விடுவிக்கும்படி மாற்றினார்கள். ஃபால்ட் பாதையையே தொடாமல், அட்டவணையைப் பகிர்ந்ததாலேயே வந்த ஓட்டை இது.

இயக்கும்போது பார்க்க வேண்டியவை

சாதனத்தின் ஒரு ஃபால்ட், சிபியு ஃபால்ட்டைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஜிபியுவில் சில பத்து மைக்ரோசெகண்ட்கள் ஆவது சாதாரணம். எனவே ஃபால்ட்டை நன்றாகக் கையாளும் அமைப்பிலும் ஃபால்ட்டைக் குறைப்பதே முதல் வேலை. வேலையை அனுப்பும்முன், நினைவகத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்லும் எம்அட்வைஸின் பாப்புலேட் ரைட் அழைப்பால் (லினக்ஸ் 5.14 முதல் உண்டு) பக்கங்களை எழுதக்கூடிய நிலையில் வரவழைத்துவிடலாம். 2 எம்பி பெரும்பக்கங்கள் கிடைத்தால் 512 ஃபால்ட் வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வரும்.

தேவையில்லாத ஃபால்ட்டுக்கு இரண்டு வழக்கமான காரணங்கள். ஃபோர்க் செய்தால் (ப்ராசஸின் நகலாகச் சேய் ப்ராசஸ் உருவாக்கினால்) தாய் ப்ராசஸின் பக்கங்கள் எழுத முடியாதவையாக மாறும். சாதனம் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த பஃபரிலேயே ஃபால்ட் தொடங்கும். அந்தப் பகுதிகளை எம்அட்வைஸில் டோன்ட்ஃபோர்க் என்று குறிக்கலாம். மற்றது தானியங்கி நூமா சமன்படுத்தல். யார் எந்தப் பக்கத்தைத் தொடுகிறார்கள் என்று அறிய கெர்னல் அவ்வப்போது பக்கங்களின் அனுமதியை எடுத்துவிட்டுப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் சாதனத்தின் சேமிப்பும் அழிகிறது. சாதன வேலையே பிரதானமான சர்வரில் அதை நிறுத்திவிட்டு அளந்து பார்ப்பது பயன் தரும்.

யூசர்ஃபால்ட்எஃப்டி பதிவுசெய்த பகுதியில் சாதனத்தை விடக் கூடாது. அங்கே பக்கத்தைக் கொடுப்பது பயனர் நிரல். அதற்காகக் காத்திருந்து மறுபடி முயலும் அனுமதியை ஐஓஎம்எம்யூ வொர்க்கர் கேட்பதில்லை. விளைவு, பக்கம் வரப்போகிறது என்றாலும் சாதனத்துக்கு “செல்லாத கோரிக்கை” என்றே பதில் போகும்.

சிபியுவில் தவறான முகவரியைத் தொட்டால் நிரலுக்கு செக்ஃபால்ட் சிக்னல் வரும். சாதனம் தொட்டால் நிரலுக்கு எந்த சிக்னலும் வராது. டிரைவர் தரும் பிழை நிலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவியின் பேஜ் ஃபால்ட் எண்ணிக்கையிலும் இவை சேராது. ப்ராசஸின் கணக்கிலும் ஏறாது, தீர்த்துவைத்த கெர்னல் வொர்க்கரின் கணக்கில் ஏறும். நிரலின் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தும் வேலை மெதுவாக ஓடினால், கேவொர்க்கர் என்ற அந்தக் கெர்னல் வொர்க்கர் த்ரெட்களின் ஃபால்ட் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.